நான்காவது சத்தம்

போல்ட் என்னும் இரும்புத் தண்டை இழுத்துப் போட்டுச் சுடும் வேட்டைத் துப்பாக்கிக்கு நான்கு சத்தம் உண்டு. கைப்பிடியைத் தூக்கும்போது ஒன்று, பின்னால் இழுக்கும்போது ஒன்று, முன்னால் தள்ளும்போது ஒன்று, கீழே மடக்கிப் பூட்டும்போது ஒன்று. முப்பத்தைந்து வருஷமாக ஸ்டானே அந்த நான்கையும் தன் மூச்சைப்போலக் கவனிக்காமலே கேட்டு வந்தவன். அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஓட்மரின் துப்பாக்கிக் கடையில், மேசைமேல் கிடந்த இரண்டு துப்பாக்கிகளில் இரண்டாவதை எடுத்து, தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கி, கையை எடுத்த பிறகு, திரைக்குப் பின்னாலிருந்த பட்டறையில் இன்னொரு போல்ட் அசைவதைக் கேட்டான். யாரோ தூக்கினார்கள். இழுத்தார்கள். தள்ளினார்கள். நான்காவது சத்தத்துக்காக அவன் காத்திருந்தான். அது வரவில்லை.

உள்ளே யார் என்று கேட்டான். ஓட்மர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார். பட்டறையில் கடைசல் இயந்திரமும் தன்னுடைய மதியச் சாப்பாடும்தான் இருக்கின்றன, இரண்டும் தானாக நகராது என்றார்.

"வர்றவன் எல்லாம் எவ்வளவு தூரம் சுடும்னு கேப்பான், எடை என்னன்னு கேப்பான். நீ என்னடான்னா அக்கார்டியன் வாங்க வந்தவன் மாதிரி காதைச் சாய்ச்சு நிக்கிற."

கிழட்டுப் பன்றிகளுக்குக் காது கூர்மையாகிவிட்டது, இரும்புச் சத்தம் கேட்டாலே போய்விடுகின்றன, சத்தம் போடாத துப்பாக்கிதான் வேண்டும் என்று ஸ்டானே சொன்னான். போன வாரம் தொலைபேசியிலும் அதையேதான் சொல்லியிருந்தான்.

முதலாவது வால்நட் கட்டை போட்டது. தோட்டாவின் விளிம்பை நீளமான நகம் ஒன்று கவ்விப் பிடிக்கும். சேற்றில் புரண்டாலும் பனியில் விழுந்தாலும் விடாது என்று ஓட்மர் அதற்காகவே வாதாடினார். ஆனால் கைப்பிடியை நெட்டுக்குத்தாகத் தூக்க வேண்டும். ஒவ்வொரு சத்தமும் மாதா கோயில் கதவு போலக் கேட்டது. தோட்டாப் பெட்டி காலியாக இருந்தால் உள்ளேயிருந்து தட்டு மேலெழுந்து மறித்துக்கொள்ளும். போல்ட் முன்னால் வந்து முட்டி நின்றுவிடும், மடங்காது. ஓட்மர் தட்டைக் கட்டைவிரலால் அமுக்கித்தான் பூட்டிக் காட்டினார். அவனுடைய பழைய துப்பாக்கியும் அதே ஜாதி.

இரண்டாவது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கட்டை. லேசு. கைப்பிடியைப் பாதி தூக்கினால் போதும், தொலைநோக்கியில் கை இடிக்காது. காலிப் பெட்டியோடும் போல்ட் வெண்ணெயில் விட்ட கத்திபோல வழுக்கிப் போய்ப் பூட்டிக்கொண்டது. நான்கு சத்தமும் சேர்ந்து ஒரு பெருமூச்சு அளவுக்குத்தான் இருந்தன.

முடிவு செய்யாமல் இரண்டையும் எடுத்துப்போகச் சொன்னார் ஓட்மர். காகிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பழையதை ஸ்டானே அங்கேயே விட்டுவிட்டு வந்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புகைப்படம், சட்டம் போட்டு, முகம் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தது. சென்ற வருஷம், விலங்குகளைக் கலைத்து ஓட்டிச் சுடும் ஓட்டு வேட்டை முடிந்த சாயங்காலம் வேட்டைச் சங்கத்தார் எல்லோரும் நின்று எடுத்த படம். யெர்னேயா பெரிதாக்கிக் கேட்டிருக்கிறாள், இன்று வந்து வாங்கிக்கொள்வாள் என்றார் ஓட்மர். ஸ்டானே அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

யெர்னேயா அவன் தங்கை. நாளைக்கு அவள் புருஷன் ராடோ செத்து ஒரு வருஷம். கல்லறையில் வேட்டைச் சங்கத்தார் கூடுவார்கள், ஊதுகொம்பு ஊதுவார்கள், ஸ்டானே மூன்று வெடி போட வேண்டும். அவனுடைய பழைய துப்பாக்கியால்தான் போட வேண்டும் என்று தங்கை கேட்டிருந்தாள். மச்சானும் மச்சானும் ஒரே நாளில், ஒரே கடையில், அடுத்தடுத்த எண்ணில் வாங்கிய இரட்டைத் துப்பாக்கிகள் அவை. மூன்று வெடி என்றால் நடுவில் இரண்டு முறை போல்ட்டைப் போட வேண்டும். அவள் ஒரு முழம் தள்ளி நின்று அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவனுக்கோ ஒரு வருஷமாகப் போல்ட் போட வரவில்லை. மூன்றாவது சத்தம் வந்ததும் கை உதறியது. வசந்தத்தில் மான் காவலுக்குப் போனபோது கூட இருந்தவன் அதைப் பார்த்துவிட்டு, குடியைக் குறைப்பா என்றான். சங்கத்தான் பார்த்தால் குடி என்று நினைப்பான். யெர்னேயா பார்த்தால் வேறு எதையாவது நினைப்பாள். ஆகவே சத்தமில்லாத துப்பாக்கி.

வீட்டுக்குப் போகும் சாலை ராடோ செத்த காட்டை ஒட்டித்தான் போகிறது. நாலு மணிக்கே மூடுபனி இறங்கி, பீச் மரங்களின் அடிப்பாகங்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. ஸ்டானே கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினான்.

சென்ற வருஷமும் இதே பனி. நாளின் கடைசி ஓட்டம். மரங்களுக்கிடையே தாழ்வாக, கறுப்பாக, ஒன்று நகர்ந்தது. சுட்டான். விழுந்தது தெரிந்தது. அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு: ஊசியிலைக் கிளை ஒன்றை முறித்து, ஒரு பாதியைச் சுட்ட விலங்கின் வாயில் வைப்பார்கள், அது அதற்குக் கடைசிக் கவளம், மறுபாதி சுட்டவனின் தொப்பியில், வலது பக்கம். விலங்கைக் கண்ணால் பார்த்த பிறகு செய்ய வேண்டிய காரியம். ஸ்டானேவுக்குத் தன் குண்டின்மேல் அவ்வளவு நம்பிக்கை. நடந்துகொண்டே முறித்து, ஒரு பாதியைத் தொப்பியில் செருகிக்கொண்டு, மறுபாதியைக் கையில் பிடித்துக்கொண்டு போனான்.

குழியின் அடியில் ராடோ கிடந்தான். சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான ஆழமான குழி. கைபேசி அங்கே எடுக்காது. காயம்பட்ட பன்றியின் தடத்தைத் தேடி, நிற்கச் சொன்ன இடத்தை விட்டு வந்திருந்தான். இடுப்புக்குக் கீழே கால்சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"மச்சான், நீதானா," என்றான் ராடோ. கோபப்படக்கூட இல்லை. "நல்லா சுட்ட போ. ஆளுங்களைக் கூட்டிட்டு வா. நான் மூணு வெடி போட்டுக் குரல் குடுக்கறேன்."

முந்தின வருஷம்தான் ஸ்டானே இதேபோலப் பனியில் ஒரு வேட்டை நாயைச் சுட்டுக் கடைசி எச்சரிக்கை வாங்கியிருந்தான். உரிமம் போகும், சிறைக்கும் போகவேண்டி வரும். அதையெல்லாம் அவன் யோசித்ததாகக்கூடச் சொல்ல முடியாது. கை தானாக நீண்டது.

"ஓட்டம் முடிஞ்சுபோச்சு மச்சான். ரூல் ரூல்தான். தோட்டா எல்லாத்தையும் குடு."

சங்கத்தில் அவன் எல்லோரிடமும் சொல்லும் பேச்சு அது. ராடோ சிரித்தபடியே ஐந்தையும் எடுத்துக் கொடுத்தான். மேலே ஏறும்போது கையிலிருந்த பாதிக் கிளை எங்கேயோ விழுந்தது.

அன்று அவன் கார் மேலே சாலையோரம் நின்றிருந்தது. அதில் ஏறி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு சிகரெட் தீரும் வரை உட்கார்ந்திருந்தான். பனிக்குள்ளிருந்து அது வந்தது. தூக்கும் சத்தம், இழுக்கும் சத்தம், தள்ளும் சத்தம். பெட்டி காலி, தட்டு மறித்தது, போல்ட் மடங்கவில்லை. மறுபடியும் மூன்று. கத்தத் தெம்பில்லாதவன் அந்தச் சத்தத்தையாவது அனுப்பிக்கொண்டிருந்தான். ஸ்டானே எஞ்சினைக் கிளப்பினான்.

ராடோ வயிறு சரியில்லை என்று நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான் என்று சங்கத்தில் சொன்னான். படத்துக்கு நின்றான். ஜூனிப்பர் சாராயம் குடித்தான். யெர்னேயாவுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை, காலையில்தான் தேடினாள். தேடும் ஆட்களை ஸ்டானேதான் முன்னால் நின்று அழைத்துப் போனான், எதிர்ச் சரிவுக்கு. மூன்றாம் நாள் ராடோ கிடைத்தபோது நரிகள் காயத்தை விட்டுவைத்திருக்கவில்லை. காலையிலிருந்து நிறையச் சுட்டு நிறையத் தவறவிட்டவன் குழியில் விழுந்தபோது, மிச்சமிருந்த ஒரே தோட்டா வெடித்து அவனையே துளைத்துவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதை யெர்னேயா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

ஸ்டானே கல்யாணம் செய்துகொள்ளாதவன். கீழ்த்தளத்தில் அவனும் மேல்தளத்தில் தங்கையுமாக ஒரே வீடு. அவன் வந்தபோது மேலே விளக்கில்லை, அவள் கார் இல்லை. சமையலறையில் காலையில் வேகவைத்த புளித்த டர்னிப்பின் வாடையும் அணைந்த அடுப்பின் சாம்பல் வாடையும் இருந்தன; அவற்றுக்கு அடியில், அவனுக்குத் தெரிந்த, ஆனால் அந்த அறைக்குச் சேராத இன்னொரு வாடை, ஈர ரோமமும் பிசினும் கலந்ததுபோல, வந்து வந்து போயிற்று. இரண்டு துப்பாக்கிகளையும் மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தான். சாம்பல் நிறத்தை எடுத்தான். தூக்கினான், இழுத்தான், தள்ளினான், மடக்கினான். கை உதறவில்லை. இன்னொரு தடவை. உதறவில்லை. நாளைக்கு இதையேதான் எடுத்துப்போக வேண்டும், பழையதில் தோட்டாவைக் குத்தும் ஊசி உடைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மேல்தளத்தில், படிக்கட்டுக்கு நேர் மேலே, தூக்கினார்கள்.

இழுத்தார்கள்.

தள்ளினார்கள்.

ராடோவின் துப்பாக்கி மேலே இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி யெர்னேயாவின் கழுத்துச் சங்கிலியில். அவள்தான் விளக்குப் போடாமல் உட்கார்ந்துகொண்டு அதை எடுத்துப் பார்க்கிறாள் என்று ஸ்டானே முடிவு கட்டினான். அப்படி முடிவு கட்டியதில் மூச்சு சீராயிற்று. படிக்கட்டின் அடிக்குப் போய்த் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"என்ன அண்ணா," என்று அவள் குரல் அவன் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

வாசற்கதவில் நின்றுகொண்டிருந்தாள். மேலங்கியில் பனி முத்து முத்தாக ஒட்டியிருந்தது. தோளில் அவனுடைய பழைய துப்பாக்கி. கக்கத்தில் காகிதம் சுற்றிய சட்டம். தலையில் ராடோவின் பச்சைத் தொப்பி.

மேலே இழுத்தார்கள். தள்ளினார்கள்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஓட்மர் கொடுக்கமாட்டேன் என்றாராம். அண்ணன் மறந்து வைத்துவிட்டான், நாளைக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கி வந்தாளாம். புதுசு வாங்குவதானால் வாங்கிக்கொள், ஆனால் வெடி இதிலேதான் என்றாள். பிறகு, நாளைக்குத் தடுமாறக்கூடாது, இப்போது ஒரு தடவை போல்ட்டைப் போட்டுக் காட்டு என்று கேட்டாள்.

எடுத்தான். கட்டையில் அவன் கன்னம் பட்டுத் தேய்ந்த இடம் ஈரமாக இருந்தது. தூக்கினான். இழுத்தான். தள்ளினான். தட்டு மறித்தது. கட்டைவிரலால் அமுக்க வேண்டும். விரல் போகவில்லை. கை முழங்கை வரை உதறியது. மேலேயிருந்து பதில் வந்தது. மூன்று.

"எனக்கு ஒரு வருஷமாக் கேக்குது," என்றாள் யெர்னேயா. "எலின்னு நெனச்சேன். அப்புறம் எண்ண ஆரம்பிச்சேன்."

அவள் சட்டத்தைப் பிரித்து மேசைமேல், இரண்டு துப்பாக்கிகளுக்கும் நடுவே வைத்தாள். நெருப்பு வெளிச்சத்தில் சங்கத்தார் வரிசையாக நின்றார்கள். காலடியில், கிளைகள் பரப்பிய தரையில், அன்றைக்கு விழுந்த பன்றிகள். பிணவறையில் ராடோவின் மோதிரத்தோடும் கடிகாரத்தோடும் ஒரு காகித உறையில் பாதிக் கிளை ஒன்றையும் கொடுத்தார்கள், அது அவன் பற்களுக்கிடையே இருந்தது, வலி பொறுக்க முடியாமல் கடித்திருப்பான் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன் என்றாள். விலங்குக்குத்தான் வைப்பார்கள். சுட்டவன்தான் வைப்பான். சுட்டவன் வைக்காமல் போனதால் ராடோவே எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டான்.

"இதை எண்ணிப் பாரு அண்ணா. கிளை செருகின தொப்பி எத்தனை, பன்னி எத்தனை."

பன்றி இரண்டு. தொப்பி மூன்று. மூன்றாவது தொப்பிக்குக் கீழே அவன் முகம், சாராயத்தில் சிவந்து, நன்றாகவே வந்திருந்தது. ஒரு வருஷமாகச் சங்கத்தின் சுவரில் தொங்கிய படம். அந்த வழக்கத்தைத் தெரியாத ஒருவனும் அந்த ஊரில் இல்லை. ஒருவனும் எண்ணவில்லை.

அவன் உட்கார்ந்தான். தங்கை அழுவாள், கத்துவாள், போலீஸுக்குத் தொலைபேசி செய்வாள் என்று காத்திருந்தான். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஏதாவது பதில் இருந்தது. அவள் செய்யவில்லை. மூலையிலிருந்த அவன் துப்பாக்கி அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னாள். திறந்தான். கையை நீட்டினாள்.

"தோட்டா எல்லாத்தையும் குடு," என்றாள். "ரூல் ரூல்தான்."

குழிக்குள் அவன் சொன்ன அதே வார்த்தைகள். அங்கே அதை ராடோவைத் தவிர யாரும் கேட்கவில்லை. ஸ்டானே பெட்டி பெட்டியாக எடுத்துக் கொடுத்தான், ஒன்றையும் மறைக்காமல். அவள் மேலங்கிப் பைகளில் போட்டுக்கொண்டாள். சுவரிலிருந்த கம்பியையும் பிடுங்கித் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டாள்; அவன் சட்டைப்பையிலிருந்த கைபேசியை எடுக்கும்போது அவன் தடுக்கவில்லை. கடைசியாக ராடோவின் தொப்பியைக் கழற்றி, படத்தின்மேல் வைத்தாள். கிளை செருகும் அதன் வார் வெறுமையாக இருந்தது.

"ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியிலிருந்து கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. சன்னல்களுக்குக் கரடிக்குப் பயந்து போட்ட கம்பி. கார்க்கதவு திறந்து மூடிற்று. எஞ்சின் கிளம்பவில்லை. முற்றத்தில், பனிக்குள், ஒரு கண்ணாடி இறங்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேலே தூக்கினார்கள். இழுத்தார்கள். தள்ளினார்கள்.

இப்போது அது படிக்கட்டின் உச்சியில்.

மறுபடியும் மூன்று. ஒரு படி கீழே. ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு படி. நடுவில் எதையோ இழுக்கும் ஓசை, கனமாக, ஈரமாக, காலூன்ற முடியாத ஒன்று தன்னை முழங்கைகளால் இறக்கிக்கொண்டு வருவதுபோல. பிசின் வாடை கெட்டியாயிற்று. ஸ்டானே மேசைக்கு ஓடினான். இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. வெறுங்கையாக நிற்க முடியவில்லை. சாம்பல் நிறத்தை எடுத்தான். லேசு. சத்தமில்லாதது.

தூக்கினான்.

அது மாதா கோயில் கதவுபோலக் கேட்டது.

இழுத்தான். தள்ளினான். மறித்தது. கடையில் காலிப் பெட்டியோடு வழுக்கிப் போன போல்ட். மறித்தது. கட்டைவிரலை உள்ளே விட்டான். அமுக்கத் தட்டில்லை. எதுவுமில்லை. ஆனாலும் மறித்தது. மறுபடியும் தூக்கினான், இழுத்தான், தள்ளினான். வெளியே அவள் கேட்கட்டும். உள்ளே வரட்டும். யெர்னேயா என்று கத்தப் பார்த்தான். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. தூக்கினான். இழுத்தான். தள்ளினான். அனுப்பிக்கொண்டே இருந்தான்.

முற்றத்தில் எஞ்சின் கிளம்பியது.

விளக்கொளி சுவரில் ஒரு தரம் சுற்றிப் போயிற்று. சாலை. வளைவு. பிறகு சத்தமில்லை.

படிக்கட்டின் கடைசிப் படி.

தூக்கினார்கள்.

இழுத்தார்கள்.

தள்ளினார்கள்.

அவன் எண்ணினான். மூன்று. மூன்றுதான். எப்போதும் மூன்றுதான்.

கைப்பிடி மடங்கியது. நான்கு.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். வெடி வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. வாயில் கசந்தது. நாக்கை அசைத்தான், குத்தியது. விரலை விட்டுப் பார்த்தான். பற்களுக்கிடையே ஊசி ஊசியாக, பச்சையாக, பனி ஈரத்தோடு, இப்போதுதான் முறித்த பாதிக் கிளை.

கண்ணைத் திறந்தான். படத்தின்மேல் ராடோவின் தொப்பி இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் வலது பக்கம் மறுபாதி செருகியிருந்தது. முறிந்த நுனியிலிருந்து சிவப்பாக ஒன்று, மெதுவாக, படத்தில் அவன் முகத்தின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.